சீக்கிய நெறியும் சமபந்தியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இக்கருத்தரங்கில் சீக்கிய சமயத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் சமய அறிஞன் அல்லன். பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். எந்தச் சமயத்திலும் சேருங்கள் என்றோ, எதையும் விட்டு விலகுங்கள் என்றோ கூறுவதற்காக நான் இம்மேடையில் நிற்கவில்லை. சமத்துவம் பேசாத சமயம் இல்லை. ஆனால், பேசிய சமத்துவத்தை அன்றாட வாழ்வில் நடைமுறையாக்க ஒரு சமயம் என்ன ஏற்பாடுகளைச் செய்தது, அவ்வேற்பாடுகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்பதை அறிந்துகொள்வது நம்மைப் போன்றோர்க்குப் பெரிதும் பயன்படும். அந்த நோக்கில்தான் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

பந்தியில் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரியர் சிலருடன் வட இந்தியச் சுற்றுலா சென்றபோது, அமிர்தசரசுப் பொற்கோயிலைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. காலணிகளைக் கழற்றிக் கொடுத்து, தலையில் துணி கட்டி, ஓடும் நீரில் கால் நனைத்து உள்ளே சென்றோம். வழிபாடு முடிந்ததும் உணவுக் கூடத்திற்கு அழைத்துச் சென்றார்கள். நீண்ட விரிப்பில் எல்லோரும் வரிசையாகத் தரையில் அமர்ந்தோம். என் வலப்புறம் ஒரு முதிய உழவர்; இடப்புறம் விலையுயர்ந்த ஆடை அணிந்த ஒரு வணிகர். ஒருவர் ரொட்டியை நீட்டினார். இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டோம். நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரும் கேட்கவில்லை.

அப்போது என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நமக்கென்று தனிக் குவளை இருந்தது. குடித்தபின் நாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கல்யாண வீடுகளில், ஊரார் பந்தியெல்லாம் முடிந்த பின்னர், கொல்லைப்புறத்தில் நம்மவர்க்குச் சோறு. இவை இங்குள்ள பெரியோர்கள் அறியாதவை அல்ல. நாம் 'பந்தி' என்பதும் பஞ்சாபியர் 'பங்கத்' என்பதும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். நமக்கு ஒதுக்கலின் அடையாளமாயிருந்த அதே சொல்லைச் சமத்துவத்தின் அடையாளமாக அவர்கள் ஆக்கினார்கள். அது எவ்வாறு நிகழ்ந்தது?

குருநானக்கும் அவர் கண்ட நெறியும்

சீக்கிய நெறியின் முதல் குருவாகிய குருநானக் 1469-ஆம் ஆண்டில் தல்வண்டி என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்னும் பெயரில் விளங்குகிறது. நெடுந்தொலைவு பயணம் செய்து, பல சமயத்தாரோடும் உரையாடி, இறுதியில் கர்த்தார்பூரில் குடியமர்ந்து, தம் கைகளால் உழுது பயிரிட்டு வாழ்ந்து 1539-இல் மறைந்தார். அவருக்குப்பின் ஒன்பது குருமார்கள் வந்தார்கள். பத்தாம் குருவாகிய குரு கோவிந்த் சிங் 1708-இல் மறையுமுன், இனி மனிதர் எவரும் குரு அல்லர். திருநூலாகிய கிரந்தமே குரு என்று நிறுவிச் சென்றார்.

'சீக்கியர்' என்ற சொல்லுக்கே மாணாக்கர் என்பது பொருள். இறைவன் ஒருவனே; அவன் உருவமற்றவன், பிறப்பு இறப்பு அற்றவன், அச்சமும் பகையும் இல்லாதவன் என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. சிலை வணக்கத்தையும் அவதாரக் கொள்கையையும் அவர்கள் ஏற்பதில்லை. தீட்டு, நாள் கோள், நோன்பு, புண்ணிய நீராடல் ஆகியவற்றால் மனம் தூய்மையாகாது என்று குருமார் கற்பித்தனர். மனிதனை இறைவனிடமிருந்து பிரிப்பது 'நான்' என்னும் செருக்கு. காமம், வெகுளி, பேராசை, பற்று, ஆணவம் ஆகிய ஐந்தும் அச்செருக்கின் பிள்ளைகள். அவற்றை வெல்ல மூன்று கடமைகளை அவர்கள் வகுத்தனர்: இறைவன் பெயரை நினைத்தல், நேர்மையாக உழைத்து உண்ணல், ஈட்டியதைப் பகிர்ந்து உண்ணல்.

இம்மூன்றனுள் நடுவில் நிற்பது உழைப்பு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குச் சென்று தவம் செய்பவனைவிட, இல்லறத்தில் இருந்து, உழைத்து, பகிர்ந்து வாழ்பவனே உயர்ந்தவன் என்பது சீக்கியம். உழைப்பவனை இழிந்தவன் என்று சொல்லிய நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

அன்றாட நடைமுறையும் எளியதே. விடியலில் எழுந்து நீராடிக் குருநானக்கின் 'ஜப்ஜி'யை ஓதுவர். மாலையிலும் உறங்கச் செல்லுமுன்னும் ஓத வேண்டியவை தனியே உண்டு. குருத்வாராவில் திருநூலின் முன் எல்லோரும் தரையில் அமர்வர். இசையோடு பாடல்கள் முழங்கும். 'அர்தாஸ்' என்னும் பொது வேண்டுதல் முடிந்ததும், கோதுமை மாவு, நெய், சர்க்கரை ஆகியவற்றால் செய்த பிரசாதம் அனைவர்க்கும் ஒரே கையால் வழங்கப்படும். பிறப்பால் அமையும் பூசாரி வகுப்பு கிடையாது. கற்றறிந்த ஆணோ பெண்ணோ எவரும் திருநூலை ஓதலாம்.

சமத்துவத்தை நடைமுறையாக்கிய மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, நான் கண்ட அந்தப் பொதுச் சமையலறை. 'லங்கர்' என்பது அதன் பெயர். மூன்றாம் குருவாகிய அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் யாராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்டபின்னரே காணலாம் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே அமர்ந்து உண்டார் என்பது சீக்கிய மரபு. ஏழைக்குச் சோறு போடும் அன்னதானம் நம் நாட்டில் எங்கும் உண்டு. கொடுப்பவன் மேலே நிற்க, வாங்குபவன் கீழே நிற்பது அன்னதானம். லங்கரில் செல்வனும் அதே தரையில் அமர்ந்து அதே உணவை உண்ண வேண்டும். அவனே பாத்திரம் கழுவவும், வந்தவர் காலணிகளைத் துடைத்து வைக்கவும் வேண்டும். அதனைச் 'சேவை' என்பர். பசியைத் தீர்ப்பதோடு செருக்கையும் தீர்ப்பதற்காக ஏற்பட்ட பந்தி அது.

இரண்டாவது, திருநூல். ஐந்தாம் குருவாகிய அர்ஜன் 1604-இல் அதனைத் தொகுத்துப் பொற்கோயிலில் நிறுவினார். இன்று அது 1,430 பக்கங்கள் கொண்டது. குருமார்களின் பாடல்களோடு, சீக்கியர் அல்லாத பதினைந்து அடியார்களின் பாடல்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அவர்கள் யாவர்? காசியில் தறி நெய்த கபீர், மராத்திய நாட்டுத் தையல் தொழிலாளர் குடும்பத்து நாமதேவர், முடிதிருத்தும் சைன், இறைச்சி விற்ற சாதனா, முசுலிம் சூபி அடியாராகிய ஷேக் பரீத், இவர்களோடு, காசியில் தோல் தொழில் செய்த ரவிதாசர். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் குடியில் பிறந்ததைத் தம் பாடல்களிலேயே மறைக்காமல் சொன்னவர் ரவிதாசர். வரியும் இல்லாத, அச்சமும் இல்லாத, இரண்டாம் தரக் குடிமகன் என்று எவனும் இல்லாத துயரற்ற ஊர் ஒன்றை அவர் பாடினார். அவருடைய பாடல்கள் ஏறத்தாழ நாற்பது அந்நூலில் உள்ளன. அரசனாயினும் அந்தணனாயினும் கிரந்தத்தின் முன் தலை தாழ்த்துபவன் ரவிதாசரின் சொல்லுக்கும் தலை தாழ்த்துகிறான்.

மூன்றாவது, ஒரே கிண்ணம். 1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் கூடிய பெருங்கூட்டத்தில், தலையைத் தர முன்வருவோர் யார் என்று வாளேந்திக் கேட்டார் குரு கோவிந்த் சிங். ஐவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். ஒருவர் வணிக குலத்தவர்; ஒருவர் உழவர்; மற்றவர்கள் தண்ணீர் சுமப்பவர், துணிக்கு அச்சிடுபவர், முடிதிருத்துபவர் என்று மரபு கூறுகிறது. ஐவர்க்கும் ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து இனிப்பு கலந்த நீரை அமிர்தமாக வழங்கினார். பின்பு அவர்கள் முன் தாமே மண்டியிட்டு, அவர்கள் கையால் அதே நீரைப் பெற்றார். 'கால்சா' என்னும் அமைப்பு அன்று பிறந்தது. ஆண்கள் 'சிங்', பெண்கள் 'கௌர்' என்னும் பொதுப் பெயர் பெற்றனர். குலப்பெயர் உதிர வேண்டும் என்பது நோக்கம். வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக் காற்சட்டை, குறுவாள் ஆகிய ஐந்து அடையாளங்களும் அப்போது ஏற்பட்டவையே.

அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1675-இல் ஒன்பதாம் குரு தேக் பகதூர் தில்லியில் தலை வெட்டப்பட்டபோது, காவலை மீறி அத்தலையை எடுத்து ஆனந்தபூருக்குச் சுமந்து சென்றவர் ஜைதா என்பவர். துப்புரவுத் தொழில் செய்வோர் குலத்தவர். இளங்குரு கோவிந்தர் அவரைத் தழுவி, இக்குலத்தார் குருவின் மக்கள் என்று போற்றினார் என்பது வரலாற்று மரபு.

பிற சமயங்களோடு ஓர் ஒப்பீடு

இறைவன் ஒருவன், உருவமற்றவன் என்பதில் சீக்கியம் இசுலாத்தை ஒத்தது. பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பதும், குருத்வாராவில் ஒரே தரையில் அமர்வதும் உடன்பிறந்த வழக்கங்களே. ஆயினும் வினைப்பயன், மறுபிறவி ஆகிய கொள்கைகளில் சீக்கியம் இந்து சமயத்தோடு நிற்கிறது. ராம், ஹரி, அல்லா என எல்லாப் பெயர்களாலும் அந்த ஒருவனையே அழைக்கிறது. ஆனால் வருண வேறுபாட்டையும் பிறப்பால் வரும் குருத்துவத்தையும் மறுப்பதால் அது வைதிக நெறியினின்று விலகுகிறது. கிறித்துவத்தைப் போலவே இறைவனின் அருளையும், திருக்கூட்டத்தையும், தொண்டையும் முதன்மையாகக் கொள்கிறது. இறைவன் மனித உருவில் வந்தான் என்பதை மட்டும் ஏற்பதில்லை. பௌத்தத்தைப் போலச் சாதியை மறுக்கிறது. ஆனால் பௌத்தம் படைப்புக் கடவுளைப் பேசுவதில்லை, துறவியர் சங்கத்தை உயர்த்துகிறது. சீக்கியமோ கடவுளை மையமாகக் கொண்ட இல்லறத்தார் சமயம்.

நம் தமிழ் மரபோடும் ஒப்பிடலாம். நந்தனாரைச் சைவம் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் போற்றுகிறது. ஆனால் தில்லைக்குள் செல்ல அவர் தீயில் மூழ்க வேண்டியிருந்தது. அவர் பாடிய பாடல் ஒன்றும் திருமுறையில் இல்லை. திருப்பாணாழ்வாரின் பத்துப் பாசுரங்கள் நாலாயிரத்தில் உண்டு. அவர் சிலை கோயில்களில் உண்டு. அவர் குலத்தார் அக்கோயிலுள் செல்ல நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அடியாரை ஏற்பது வேறு. அடியார் பிறந்த குடியை ஏற்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, இனி நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

திரும்பி வந்த சாதி

இத்துணை ஏற்பாடுகள் செய்தும் பஞ்சாபில் சாதி ஒழிந்ததா? இல்லை. உண்மையை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று.

துப்புரவுத் தொழில் குலத்திலிருந்து சீக்கியரானோர் 'மஜ்ஹபி' என்றும், தோல் தொழில், நெசவுத் தொழில் குலங்களிலிருந்து வந்தோர் 'ராம்தாசியா' என்றும் தனித்தனியே அழைக்கப்பட்டனர். நிலம் பெரும்பாலும் ஜாட் சீக்கியர் கையில் இருந்தது. நிலமற்றோர் அவர்கள் வயலில் உழைத்தனர். பல ஊர்களில் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. லங்கரில் உடன் உண்பவர் பெண் கொடுக்கும்போது குலம் பார்ப்பது நின்றபாடில்லை. 1950-இல் வெளிவந்த பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே உரியது என்று இருந்தபோதும், பஞ்சாபின் நான்கு சீக்கியக் குலங்களுக்கு அதில் விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. 1956-இல் எல்லாப் பட்டியல் சாதிச் சீக்கியர்க்கும் அது விரிந்தது. சமயம் மாறினும் சாதிக் கொடுமை உடன் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களுள் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு. இந்திய மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த அளவு. மனம் நொந்த ரவிதாசர் வழியினருள் ஒரு பகுதியார் 2010-இல் தம்மைத் தனிச் சமயமென்றே அறிவித்து, ரவிதாசர் பாடல்களைத் தனி நூலாக்கிக்கொண்டனர்.

நூல் சமத்துவம் கூறியது. பந்தி சமத்துவம் கூறியது. நிலமும் மணவறையும் கூறவில்லை. எனவே சாதி அவ்வழியே திரும்பி வந்தது.

1920-ஆம் ஆண்டு அக்டோபர் 12

அவ்வாறாயின் அந்த நூலும் பந்தியும் வீணா? அல்ல என்பதற்கு ஒரு நாள் நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுவேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொற்கோயிலின் பூசாரிகள் தாழ்த்தப்பட்ட குலத்துச் சீக்கியர் கொண்டுவரும் பிரசாதத்தை ஏற்பதில்லை; அவர்களுக்காக வேண்டுதல் செய்வதும் இல்லை. 1920 அக்டோபர் 12 அன்று, அமிர்தம் பெற்றுப் புதிதாகக் கால்சாவில் சேர்ந்த நம்போன்ற மக்கள், தம்மை ஆதரித்த சீர்திருத்தச் சீக்கியர்களோடும் கல்லூரிப் பேராசிரியர் சிலரோடும் பிரசாதம் ஏந்திப் பொற்கோயிலுக்குள் சென்றனர். பூசாரிகள் மறுத்தனர். வாதம் வளர்ந்தது. இறுதியில், திருநூலையே கேட்போம் என்று இரு சாராரும் இசைந்தனர். திருநூலைத் திறந்து, கண்ணில் படும் பாடலைக் குருவின் கட்டளையாகக் கொள்வது அவர்கள் மரபு. நூல் திறக்கப்பட்டது. தகுதியற்றோர் என்று தள்ளப்பட்டவர்களையும் இறைவன் மன்னித்து ஏற்றுத் தன் தொண்டில் சேர்த்துக்கொள்கிறான் என்னும் பொருளுடைய குரு அமர்தாசின் பாடல் வந்தது. பூசாரிகள் பிரசாதத்தை ஏற்றுக்கொண்டனர்.

அதோடு முடியவில்லை. அருகிலுள்ள அகால் தக்தின் பூசாரிகள் தம் இடத்தை விட்டு அகன்றனர். பொறுப்பைச் சீக்கிய மக்களே ஏற்றனர். அவ்வாண்டு நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு தோன்றியது. ஐந்தாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1925-இல் சட்டம் வந்து, குருத்வாராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கீழ் வந்தன. அந்தப் பெரிய இயக்கத்திற்கு வாயில் திறந்தவர்கள், கையில் பிரசாதத் தட்டோடு வாயிலில் நின்ற தாழ்த்தப்பட்ட மக்களே.

தோழர்களே, நூலில் அந்தப் பாடல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அது தானாக எழுந்து வந்து எவருக்கும் கதவு திறக்கவில்லை. உரிமையுடையோர் சென்று, 'நூலைத் திறவுங்கள்' என்று கேட்டபோதுதான் அது பேசியது.

வைக்கமும் அண்ணலும்

அந்த விழிப்புணர்வு தெற்கேயும் வந்தது. 1924-இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து, போராட்டத்தினர்க்கு லங்கர் அமைத்துச் சோறு படைத்தனர். வெளியார் உதவி வேண்டியதில்லை என்று காந்தியடிகள் கருதியதால் அது பின்னர் மூடப்பட்டது. தந்தை பெரியார் சிறை சென்ற அதே போராட்டத்தில், சில நாள்களேனும் சீக்கியரின் அடுப்பும் எரிந்தது என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

அண்ணல் அம்பேத்கர் 1935 அக்டோபர் 13 அன்று, தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்தபின், சீக்கிய நெறியை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1936 ஏப்ரலில் அமிர்தசரசில் நடந்த சீக்கிய மாநாட்டில் கலந்துகொண்டார். 1937-இல் மும்பையில் கால்சா கல்லூரி தோன்றியதற்கு அத்தொடர்பும் ஒரு காரணம். எனினும் அவர் அவசரப்படவில்லை. இருபது ஆண்டுகள் படித்தார், ஆராய்ந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவர் எதைத் தேர்ந்தார் என்பதைப் பலரும் அறிவர். எவ்வாறு தேர்ந்தார் என்பதையே மாணவர்கள் கற்க வேண்டும்.

நிறைவாக

எந்த நெறியைக் கண்டாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். அதன் பந்தியில் நமக்கு எங்கே இடம்? அதன் நூலை ஓத நமக்கு உரிமை உண்டா? அதன் நிருவாகத்தில் நம் குரல் ஒலிக்குமா? அதன் மணவறையிலும் சுடுகாட்டிலும் வேலி உண்டா? முதல் இரண்டிற்குச் சீக்கியம் சிறந்த விடை தந்தது. மூன்றாவதை அதன் மக்கள் போராடிப் பெற்றனர். நான்காவதற்கு இன்னும் முழு விடை கிட்டவில்லை. நம் நாட்டில் வேறெந்த நெறியும் நான்கிற்கும் முழு விடை தந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நம் சொந்தச் சமூகத்தின் உட்பிரிவுகளுக்கிடையே நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்று கேட்டால், நமக்கும் தலை குனிவுதான். பிறரைக் கேட்கும் வினாவை முதலில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவது என்ன? பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுப்பது. கோயில் நூலாயினும், சட்ட நூலாயினும், நில ஆவணமாயினும் அதில் நமக்குரிய வரி ஒன்று எங்கோ எழுதப்பட்டிருக்கலாம். படிக்கத் தெரிந்தவனுக்கே அது புலப்படும். துணிந்து சென்று கேட்பவனுக்கே அது பயன்படும். படிப்பையும் துணிவையும் ஒருசேரப் பெறுங்கள். இவ்விழா முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் பொது விருந்து உண்டு என்று அறிவித்துள்ளார்கள். பரிமாறும் பணியில் தலைமையாசிரியனாகிய நானும் நிற்கிறேன். மாணவர்களே, நீங்களும் வாருங்கள்.